தலைப் பக்கத்தில் ஒரு காலடி

நம்மூரில் பூவா தலையா என்று கேட்டுத்தான் காசைச் சுண்டுவோம். இந்த வெள்ளி டாலரிடம் அந்தக் கேள்வி செல்லாது. தலை இருக்க வேண்டிய முன்பக்கத்தில் ஒரு பூட்ஸ் தடம். தலை பின்பக்கத்துக்குப் போய்விட்டது. அதுவும் முகம் தெரியாத தலைக்கவசம். காசு தட்டையாகவும் இல்லை. கைக்கடிகாரக் கண்ணாடிபோல ஒரு பக்கம் குழிந்து, மறுபக்கம் புடைத்திருக்கிறது. அப்பல்லோ 11 நிலவில் இறங்கிய 50-ஆம் ஆண்டு நினைவாக 2019 ஜனவரியில் வெளிவந்தது. இது அச்சாகும் இடத்தைப் பார்க்கலாமென்று அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் பிலடெல்பியா நாணயச் சாலைக்குப் போனேன்.

அனுமதி இலவசம், கேமராவுக்கு மட்டும் அனுமதி இல்லை. இப்போதைய கட்டடம் திறக்கப்பட்டது 1969 ஆகஸ்டில், நிலவில் கால் வைத்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம். அதைவிட எனக்குப் பிடித்த செய்தி வேறு. 1792-இல் தொடங்கிய இந்தச் சாலையின் முதல் இயக்குநர் டேவிட் ரிட்டன்ஹவுஸ் கடிகாரம் செய்தவர், வானியலாளர். 1769-இல் சூரியனை வெள்ளிக் கோள் கடந்து போனதைத் தொலைநோக்கியில் கவனித்தவர். காசடிக்கிற பொறுப்பை வானம் பார்க்கிறவரிடம் ஒப்படைத்த ஊர்!

பார்வையாளர்கள் தரையிலிருந்து 40 அடி உயரத்தில், கண்ணாடிக்குப் பின்னால் நடந்துகொண்டே பார்க்க வேண்டும். முதலில் எனக்கு ஏமாற்றம்தான். கீழே ஓடிக்கொண்டிருந்தது சாதாரணச் சில்லறை. உலோகத் தகட்டிலிருந்து வெட்டிய வில்லைகளை உலையில் காய்ச்சி இளக்கி, கழுவி, விளிம்பை மடித்து எழுப்பி, அச்சு எந்திரத்துக்கு அனுப்புகிறார்கள். எந்திரம் ஒன்று நிமிடத்துக்கு 700-க்கு மேல் காசு துப்புகிறது. அந்த வேகத்துக்கு நடுவே ஓர் ஊழியர் தொட்டியிலிருந்து ஒரே ஒரு காசை எடுத்தார். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி, விரலால் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன குறை கண்டாரோ, எந்திரத்தை நிறுத்தினார். நானும் நின்றுவிட்டேன், பின்னால் வந்த பள்ளிப் பிள்ளைகள் என்னைத் தாண்டிப் போனார்கள்.

சேகரிப்பாளருக்கான காசுக்குப் பக்குவமே வேறு. வில்லையையும் மெருகேற்ற வேண்டும், அச்சையும் மெருகேற்ற வேண்டும். ஒவ்வொரு வில்லையாகக் கையால் வைத்து, குறைந்தது இரண்டு முறை அழுத்துகிறார்கள். அப்போதுதான் பின்புலம் கண்ணாடியாக மின்னும். வளைந்த காசென்றால் வேலை இரட்டிப்பு. மேலச்சும் கீழச்சும் ஒன்று குழிவு, மற்றொன்று புடைப்பு. நடுவில் மாட்டுகிற உலோகம் வளையவும் வேண்டும், ஓர எழுத்துகளின் பள்ளம்வரை ஓடி நிரம்பவும் வேண்டும். இந்த வித்தையை அவர்கள் 2014-இல் பேஸ்பால் நினைவுக் காசுக்காகப் பழகியிருந்தார்கள். அதேபோல் இதுவும் இருக்க வேண்டுமென்று 2016-இல் நிறைவேறிய சட்டமே சொன்னது: புடைப்பு தலைக்கவசக் கண்ணாடிக்கு, குழிவு முன்பக்க வடிவத்துக்கு. சட்டம் எழுதியவர்களுக்கு இவ்வளவு ரசனை இருக்குமென்று நான் நினைக்கவில்லை.

முன்பக்க வடிவத்துக்குப் பொதுப்போட்டி வைத்தார்கள். மேய்ன் மாநிலத்தின் கேரி கூப்பர் வென்றார். மெர்க்குரி, ஜெமினி, அப்பல்லோ என்ற பெயர்களுக்கு இடையே நிலவின் பிறைகள், கீழே தடம். அதைச் செதுக்கியவர் ஜோசஃப் மென்னா. பின்பக்கத்தைச் செதுக்கியவர் ஃபீபி ஹெம்ப்ஹில். அவருக்கு வாய்த்ததுதான் கடினமான பக்கம் என்பது என் கட்சி. வளைந்த கவசக் கண்ணாடி, அதற்குள் பிரதிபலிப்பு: அமெரிக்கக் கொடி, இறங்குகலம், ஆம்ஸ்ட்ராங். மொத்தமும் 38 மில்லிமீட்டர் வெள்ளிக்குள்.

அந்தத் தலைக்கவசம் ஆம்ஸ்ட்ராங்கோடு நிலவில் இறங்கிய பஸ் ஆல்ட்ரினுடையது. உலகம் முழுக்கத் தெரிந்த அந்தப் பூட்ஸ் தடப் படமும், ஆல்ட்ரின் தன் தடத்தைத் தானே எடுத்ததுதான். முதலில் இறங்கிய நீல் ஆம்ஸ்ட்ராங்குக்கு நிலவில் நல்ல படங்கள் மிகக் குறைவு. கேமரா பெரும்பாலும் அவரிடம் இருந்தது. படம் எடுத்தவர் படத்தில் விழுவதில்லை. கல்யாண ஆல்பத்தில் சித்தப்பா இல்லாத மாதிரி.

நாணயச் சாலையின் கடையிலேயே அந்த டாலரை வாங்கினேன். இரவு விடுதி விளக்கடியில் பிளாஸ்டிக் உறையோடு அதைச் சாய்த்துப் பிடித்து, லென்ஸில் ஆம்ஸ்ட்ராங்கைத் தேடினேன். கொடி முதலில் அகப்பட்டது. பிறகு கலம். சற்று விளக்கைத் தள்ளி வைத்ததும் அவரும் தென்பட்டார், கடுகளவு. பிறகு செதுக்கியவரின் இனிஷியலைத் தேடினேன். அதற்கு இன்னும் அதிக நேரம் பிடித்தது.