மழைநாட்டில் ஒரு மெத்தை

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக ஹட்டனுக்கு ஏறும் மலைப்பாதையில் அமைந்துள்ளது கினிகத்தேனை. அயலிலுள்ள வட்டவளையில் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பொழிகின்றது. வைகாசி தொடங்கி ஆவணி முடியும் வரை வெயிலின் முகத்தைக் காண்பதே அரிது. யாழ்ப்பாணத்து வெயிலில் பாயை உலர்த்திப் பழகிய நாம், ஆசிரியப் பணியேற்று இங்கு வந்ததும் முதலில் தேடியது ஒரு மெத்தையையே.

கடைக்காரர் மென்மையைப் பற்றிப் பேசினார். நாமோ ஈரத்தைப் பற்றி வினவினோம். பருத்திப் பஞ்சு ஈரத்தை உறிஞ்சிக் கட்டிபட்டுவிடும். பின்னர் உலர்த்துவதற்கு வெயில் ஏது? இலவம் பஞ்சின் இழையோ மெழுகு படிந்த நுண்குழாய். நீர் அதில் எளிதில் ஊறாது. முன்னாளில் கப்பற் பயணிகளின் உயிர்காப்பு அங்கிகளில் அதனை அடைத்ததும் இக்காரணம் பற்றியே. எனினும் நாளடைவில் அது அமுங்கிவிடும். தென்னந்தும்பு சற்றுக் கடினமானதாயினும் காற்றை உள்ளே விடும். ஆகவே அடியில் தும்பு மெத்தையும், மேலே மெல்லிய இலவம்பஞ்சு மெத்தையுமாக இட்டோம். சட்டங்களுக்கிடையே இடைவெளியுள்ள கட்டிலே இதற்கு ஏற்றது. சீமெந்துத் தரையில் மெத்தையிடுவது பூஞ்சணத்தை விருந்துக்கு அழைப்பதாகும்.

ஆனால், கட்டில் போட இடம் வேண்டுமே! பழைய லயன் அறைகள் பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடிதான். எம் மாணவருட் சிலர் அத்தகைய அறைத் தரையில் படங்கை விரித்து, அதன்மேற் பாயிட்டு, கம்பளிக்குள் ஒடுங்கி உறங்குகின்றனர். முதற் பாடத்திலேயே கண் சொருகும் பிள்ளையிடம், “இரவு கூரை ஒழுகியதா?” என்று கேட்பது எமக்கு வழக்கம்.