சிவப்பைக் கண்டு மயங்காதீர்கள்!

பீட்ரூட் என்றதும் உங்கள் வீட்டில் இரண்டு கட்சிகள் உண்டாகிவிடும் என்பது எனக்குத் தெரியும். "மண் வாசனை அடிக்கிறது, வேண்டாம்" என்று தட்டின் ஓரத்தில் ஒதுக்கும் கட்சி ஒன்று. "சாப்பிடு, ரத்தம் ஊறும்" என்று இன்னொரு கரண்டி போடும் கட்சி மற்றொன்று. முதல் கட்சி சொல்வது நிஜம்தான். மழை பெய்தவுடன் மண்ணிலிருந்து எழும் வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருள் பீட்ரூட்டிலும் இருக்கிறது. கொஞ்சம் எலுமிச்சம்பழமோ தயிரோ சேர்ந்தால் அடங்கிவிடும். இரண்டாவது கட்சியிடம் பிறகு வருகிறேன்.

முதலில் கடைக்குப் போவோம். பெரிய கிழங்காகப் பார்த்து எடுப்பது லாபம்போலத் தோன்றும். வேண்டாம், சகோதரிகளே! முற்றிப் பருத்தது நடுவில் நார் ஓடி, எத்தனை நேரம் வேகவைத்தாலும் வழிக்கு வராது. கைக்குள் அடங்குவதாக, அழுத்தினால் கல்போல் இருப்பதாக, வால் ஒடியாததாகப் பாருங்கள். இலையோடு கிடைத்தால் அதிர்ஷ்டம். வீட்டுக்கு வந்ததும் ஓர் அங்குலத் தண்டு விட்டு இலையை நறுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அது கிழங்கின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கழுவாமல் பையில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும்.

பச்சடிக்கு வேகவைக்கும்போது தோலும் வாலும் தண்டும் அப்படியே இருக்கட்டும். வெட்டிப் போட்டால் நிறமெல்லாம் தண்ணீருக்குப் போய்விடும். வெந்து ஆறியபின் விரலால் தள்ளினாலே தோல் கழன்றுவிடும். பொரியலுக்குத் தோல் சீவிப் பொடியாக நறுக்கி, கடுகு, உளுத்தம்பருப்பு, பச்சைமிளகாய் தாளித்து, ஊறவைத்த பாசிப்பருப்பு ஒரு பிடி சேர்த்து, தண்ணீர் தெளித்து மூடிவையுங்கள். இறக்கும்போது தேங்காய்த் துருவல். சமையல் சோடாவின் பக்கம் மட்டும் போகாதீர்கள், சிவப்பு பழுப்பாகிவிடும்.

இனி அந்த ரத்த விஷயம். அடுத்த வீட்டுப் பெண் கல்லூரியில் படிக்கிறாள். முகம் வெளுத்துப்போய், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கிற்று. அவள் தாயார் மூன்று மாதம் தினம் ஒரு டம்ளர் பீட்ரூட் சாறு கொடுத்து வந்தாள். "இவ்வளவு சிவப்பாக இருக்கிறதே மாமி, ஊறாமலா போகும்?" என்பாள். கடைசியில் ரத்தப் பரிசோதனை செய்தால், ஹீமோகுளோபின் 8! குறைந்தது 12 இருக்க வேண்டும்.

அந்தச் சிவப்பு பீட்டானின் என்ற சாயம். ரத்தத்துக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. 100 கிராம் கிழங்கில் இரும்புச் சத்து ஒரு மில்லிகிராம்கூட இல்லை. நம் நாட்டுப் பெண்களுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்கிறார்கள். கிழங்கை மட்டுமே நம்பினால் தினம் மூன்று கிலோவுக்கு மேல் சாப்பிட வேண்டும்! ஃபோலிக் அமிலம் அதில் நன்றாகவே உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு மாதாமாதம் அளவுக்கு மீறி ரத்தம் போய்க்கொண்டிருந்தது. வெட்கப்பட்டுத் தாயாரிடம்கூடச் சொல்லவில்லை. லேடி டாக்டர் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டபிறகுதான் வெளியே வந்தது. அதற்குச் சிகிச்சை, கூடவே இரும்பு மாத்திரை. மாத்திரையோடு காபி கூடாது என்று கண்டிப்பு. இப்போது படிகளை இரண்டிரண்டாகத் தாவுகிறாள்.

இன்னொன்று. பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிலருக்குச் சிறுநீர் சிவக்கும். அதற்காகக் கலவரப்பட வேண்டாம். சாப்பிடாமலே சிவந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். சிறுநீரகக் கல் உள்ளவர்களும் அவரைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுவது நல்லது.

இரும்பு கிழங்கைவிட இலையில்தான் அதிகம். இரண்டு நாளுக்குள் நறுக்கி, பூண்டு தட்டிப் போட்டுப் பருப்போடு கடைந்தால் ரசம் சாதத்துக்குப் பிரமாதம். எங்கள் காய்கறிக்காரர் இலையைத் திருகித் தம் மாட்டுக்கு எடுத்து வைத்துவிடுவார். நான் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். காசு வாங்குவதில்லை. "என் மாட்டோடு போட்டிக்கு வந்துட்டீங்களேம்மா!" என்பார், அவ்வளவுதான்.