மீதி முப்பத்தெட்டு

காரைக்காலில் பிறந்தவனுக்கு மலை என்பது கதையில் வருவது. அம்மையார் தலையால் நடந்து ஏறிய கயிலாயம்தான் எங்களூர்ப் பிள்ளைகள் முதலில் கேள்விப்படும் மலை. கண்ணால் காண, அரசலாற்றுப் பாலத்தின் ஏற்றத்தை விட்டால் வேறு மேடு கிடையாது. அப்படிப்பட்ட நான் 2007 நவம்பரில் ஹாங்காங் மலைகளில் 100 கிலோமீட்டர் நடக்கப் பெயர் கொடுத்தபோது வீட்டில் சிரித்தார்கள்.

டிரெயில்வாக்கர் என்று பெயர். அங்கிருந்த கூர்க்கா வீரர்கள் 1981இல் தங்கள் பயிற்சியாகத் தொடங்கிய நடை. 1986இல் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டு, ஆக்ஸ்ஃபாம் அமைப்பின் நிதி திரட்டும் நிகழ்வாயிற்று. நால்வர் கொண்ட குழு, மக்லஹோஸ் பாதையை 48 மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும்.

2004 டிசம்பர் 26 அன்று கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் கடல் புகுந்தது. முகமறியாதவர்கள் அனுப்பிய அரிசியையும் பாயையும் லாரியிலிருந்து இறக்கியவர்களில் நானும் ஒருவன். பிழைப்புக்காக ஹாங்காங் சென்ற பின், அனுப்புகிறவர்கள் பக்கம் ஒருமுறை நிற்க வேண்டும் என்று தோன்றியது.

நடப்பதைவிடக் கடினம், கேட்பது. உறவினர் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்தேன். அத்தை மட்டும் மடக்கினார்.

"குடுக்கணும்னா குடுத்துட்டுப் போறோம். அதுக்கு நீ ஏம்ப்பா நடக்கணும்?"

ஆகஸ்ட் கடைசியில் எங்களூர் வழியே வெறுங்காலோடு வேளாங்கண்ணிக்குப் போகிறவர்களைச் சொன்னேன்.

"அது வேண்டுதல். இது என்ன?"

என்னிடம் பதில் இல்லை. ஆயினும் 500 ரூபாய் கொடுத்தார்.

பாக் டாம் சுங்கில் புறப்பட்டோம். நீர்த்தேக்கத்தின் கரையோடு சென்று லாங் கே மணலில் இறங்கும்வரை ஊர்க்கடற்கரையில் நடப்பது போலத்தான் இருந்தது. பிறகு மலை. ஏற்றத்தைப் பற்றி எல்லோரும் எச்சரித்திருந்தார்கள். அது மூச்சோடு போயிற்று. இறக்கத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. ஒவ்வொரு படியும் முழங்காலில் வந்து முடிந்தது. சமவெளியில் வளர்ந்த கால் இறங்கக் கற்றதேயில்லை என்பது மா ஆன் ஷானுக்கு அப்பால் இருட்டில் புரிந்தது. மலையில் கால் படலாகாதென்று தலையால் ஏறினாராம் அம்மையார். எனக்கு இருந்த காலே போதவில்லை.

பாதை நெடுகிலும் 500 மீட்டருக்கு ஒரு தூரக்கம்பம் உண்டு, மொத்தம் 200. சிங்கப்பாறை முகட்டில், கீழே கவுலூன் நகரம் முழுதும் விளக்காய் எரிந்துகொண்டிருக்க, நான் கம்பங்களை மட்டுமே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

ஷிங் முன் அணையருகே விடிந்தது. ஏறத்தாழ 62 கிலோமீட்டர். வலக்கால் மடங்கவில்லை. எதிரே நீடில் ஹில்லின் செங்குத்துப் படிகள். அதற்கப்பால் 957 மீட்டர் உயரத்து டாய் மோ ஷான். நண்பர்கள் மூவரும் அரைமணி நேரம் எனக்காகக் குளிரில் நின்றார்கள். ஒருவன் குறைந்தாலும் குழு குறைந்ததே. 'போங்கள்' என்று சொல்ல அந்த அரைமணியும் தேவைப்பட்டது எனக்கு. அவர்கள் முடித்துவிட்டார்கள்.

பணம் கொடுத்த அனைவருக்கும் எழுதினேன்: 38 கிலோமீட்டர் நடக்கவில்லை, விரும்பினால் அந்தப் பங்கைத் திருப்பித் தருகிறேன் என்று. இப்போது எண்ணினால் நாணமாக இருக்கிறது; அன்று அது கடனாகவே உறுத்தியது. எவரும் கேட்கவில்லை. அத்தைதான் தொலைபேசியில் வந்தார்.

"மீதி முப்பத்தெட்டுக்கு என்னை அழச் சொல்றியா? காசு போய்ச் சேந்துச்சா, அதச் சொல்லு."

சேர்ந்துவிட்டது என்றேன்.

அடுத்த ஆனியில் மாங்கனித் திருவிழாவுக்கு ஊர் வந்திருந்தேன். பிட்சாடனர் வீதியுலாவில், மாடியிலிருந்து எல்லோரோடும் நானும் மாம்பழம் வீசினேன். கூடை காலியானதும் படியிறங்கினேன். கீழே, மடி நிறையப் பழம் பிடித்து நின்ற அத்தை என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் வலிக்குதா?"

"இறங்கறப்ப மட்டும் அத்தை."

பழத்தில் ஒன்றை எடுத்துத் துடைத்து என் கையில் கொடுத்தார்.