புளி போட்டுத் தேய்த்த காசு

போன தை மாதம் ஒகேனக்கல்லில் பரிசலுக்குக் காத்திருந்தபோது பேரன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். "தாத்தா, ரோமாபுரி வெள்ளிக்காசு. முந்நூறு ரூபாய்தான் சொன்னாங்க."

காசை வாங்கி விளிம்பைப் பார்த்தேன். சுற்றிலும் மயிரிழை போல ஒரு கோடு ஓடியது. இரண்டு அச்சுகளைச் சேர்த்து உலோகத்தைக் காய்ச்சி ஊற்றினால் அந்தக் கோடு விழும். முகத்தில் ஊசி முனையளவு குழிகள். அவை காற்றுக் குமிழிகளின் தடம். ரோமர்கள் வெள்ளி வில்லையை அச்சின்மேல் வைத்துச் சம்மட்டியால் அடித்தார்கள். அடித்த காசில் எழுத்தின் ஓரம் கூர்மையாக நிற்கும். காசும் சரியான வட்டமாக இராது.

"அசலில் வருஷம் போட்டிருக்குமா தாத்தா?"

இருக்காது. மன்னனுக்கு எந்த ஆண்டில் எந்தப் பட்டம் கிடைத்தது என்பதை வைத்துத்தான் காலத்தைச் சொல்ல வேண்டும். ரோம மன்னர் அகஸ்டஸுக்கு 'நாட்டின் தந்தை' என்ற பட்டம் கி.மு. 2இல் கிடைத்தது. காசில் அந்தப் பட்டம் இருந்தால் அது அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. அப்படியொரு காசின் பின்பக்கம் கேடயமும் ஈட்டியுமாக இரண்டு இளைஞர்கள் நிற்பார்கள். அவருடைய மகள் வயிற்றுப் பேரன்கள், கையஸும் லூசியஸும். தனக்குப் பின் ஆளட்டும் என்று அவர்களைப் பிள்ளைகளாகவே தத்தெடுத்தார் கிழவர். லூசியஸ் கி.பி. 2இல் இறந்தான், கையஸ் கி.பி. 4இல். தாத்தாவை விட்டு இருவரும் போன பிறகும் அவர்கள் நின்ற அந்தக் காசு கடல் கடந்து நம் கொங்கு நாட்டில் புழங்கியது. பேரன் பக்கத்தில் இருக்கும்போது இதைச் சொல்ல எனக்குக் குரல் கொஞ்சம் தழுதழுத்தது.

அடுத்து வந்த திபேரியஸின் காசு (கி.பி. 14–37) இன்னும் கடினம். உட்கார்ந்திருக்கும் பெண்ணுருவம் ஏறக்குறைய அவர் ஆட்சி முழுக்க மாறாமல் வரும். ஆசனக் கால்களின் வேலைப்பாட்டை வைத்துத்தான் முந்தியது பிந்தியது பிரிப்பார்கள். ரோமாபுரிக் காசு என்கிறோமே, இந்த இரண்டு வகையும் அடிக்கப்பட்டது இன்றைய பிரான்சின் லியோன் நகரில்.

கோவை அருகே வெள்ளலூரில் 1842இல் ஒரே புதையலாக 522 வெள்ளிக்காசுகள் கிடைத்தன. மிகப் பெரும்பாலானவை இந்த இரு மன்னர்களுடையவை. கி.பி. 64இல் நீரோ காசின் எடையையும் வெள்ளியையும் குறைத்தார். நம் வணிகர்கள் பழைய காசையே நம்பி வாங்கினார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வெள்ளலூர் நொய்யல் கரை. நொய்யல் போய்ச் சேருவது, எங்கள் காலடியில் பாறையில் மோதி இரைந்துகொண்டிருந்த இதே காவிரியில்.

என்னிடமும் ஒரு திபேரியஸ் உண்டு. முப்பது வயதில் கரூரில் மணல் சலிப்பவர் ஒருவரிடம் வாங்கினேன். கன்னங்கரேலென்று இருந்தது. வீட்டுக்கு வந்து, குத்துவிளக்கு துலக்குவதுபோலப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். பளபளத்தது. மூக்கும் பாதி எழுத்தும் போயின. அந்தக் கருப்பு அழுக்கல்ல, வெள்ளி தானே போர்த்திக்கொண்ட தோல் என்பது பிறகுதான் தெரிந்தது. மண்ணில் காசு கிடைத்தால் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்வதும் அன்று எனக்குத் தெரியாது. இன்றும் சேகரிக்கும் பிள்ளைகளிடம் முதலில் சொல்வது இதைத்தான்: தேய்க்காதே, கழுவாதே, விளிம்பைப் பிடித்து எடு, எங்கே கிடைத்தது என்று எழுதி வை.

வீடு திரும்பியதும் பேரன் அந்தப் போலியை ஒரு காகித உறையில் போட்டு, மேலே எழுதினான்: 'வார்ப்பு. ஒகேனக்கல், பரிசல் துறை. ரூ.300.' அப்புறம் என் காசுக்கும் ஓர் உறை எடுத்து வந்தான்.

"இது எங்கே கிடைச்சதுன்னு எழுதட்டும் தாத்தா?"

கரூர், ஆற்று மணல் என்றேன். எந்தத் துறை, எந்தக் கரை, கூட வேறு காசு இருந்ததா என்று கேட்டான். அன்று நான் அந்த மணல் சலிப்பவரிடம் கேட்கவில்லை.