காற்றை நம்பிய தொழில்

பெல்ஜியத் தலைநகராம் புரூசெல்ஸில், 1900ஆம் ஆண்டு தொடங்கி ஒரே குடும்பத்தார் நடத்திவரும் காந்தியோன் பியர் ஆலையைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டிற்று.

வழிகாட்டி எம்மைக் கூரையடி மாடத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே அகன்ற செம்புத் தொட்டியொன்று. கோதுமையும் வாற்கோதுமையும் சேர்த்துக் கொதிக்கவைத்த சாற்றை இரவு முழுவதும் அதில் ஆறவிடுவர். நொதியெதுவும் சேர்ப்பதில்லை, காற்றிலுள்ள நுண்ணுயிர்களே அப்பணியைச் செய்கின்றன. சுண்ணாம்பிடாத முட்டியிற் பனஞ்சாறு தானே கள்ளாவது என் நினைவுக்கு வந்தது. பின்னர் அச்சாறு மரப்பீப்பாய்களில் மூன்றாண்டு வரை கிடந்து பதமாகும். பூச்சிகளைப் பிடிப்பனவாதலின் சிலந்திகளின் வலைகளையும் அங்கு கலைப்பதில்லை.

இத்தொழிலுக்குக் குளிரிரவு இன்றியமையாதது. 2015 நவம்பரில் இரவுகள் வெம்மையுற்றமையால் காய்ச்சும் பணியை நிறுத்த நேர்ந்தது.

மதுவருந்தாத நான் ஈற்றில் நீட்டிய கிண்ணத்தை முகர்ந்து மட்டும் பார்த்தேன், புளித்த மணம். காற்றை நம்பியோர்க்குக் காற்றே சூடேறினாற் போக்கிடம் ஏது?