நான் உட்காரச் சொன்ன கேள்வி

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் இருக்கும் மகன் என்னை யார்க்‌ஷயரில் ரட்ஸ்டன் என்ற சிற்றூருக்கு அழைத்துப் போனான். அங்கே தேவாலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் ஒற்றைக் கல் ஒன்று நிற்கிறது. உயரம் சுமார் 7.6 மீட்டர். பிரிட்டனிலேயே உயரமான நெடுங்கல் இதுதான். அந்த வட்டாரம் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை, இதுவோ மணற்பாறை. சுமார் 16 கிலோமீட்டர் தள்ளியிருந்து கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். நட்டு ஏறத்தாழ 4000 ஆண்டுகள். தேவாலயத்துக்கு வயது 900தான்.

பார்த்ததும் என் பழைய மாணவி ஒருத்தி நினைவுக்கு வந்தாள். வரலாற்று வகுப்பில், "புது மதம் வந்தால் பழையதை இடித்துவிட்டு அங்கேயே கட்டும்" என்றேன். எழுந்து, "பக்கத்துல வேற இடமே இல்லையா சார்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. "பாடத்தைக் கவனி, உட்கார்" என்றேன்.

பதில் எனக்குத் தெரியவில்லை. அதுதான் உண்மை.

ஊர் திரும்பியதும் தேடிப் படித்தேன். கி.பி. 601இல் போப் கிரெகரி, கென்ட் அரசன் எதல்பெர்ட்டுக்கு எழுதிய கடிதத்தில் பழைய கோயில்களை இடிக்கச் சொன்னார். அதே ஆண்டு, நெடுநேரம் யோசித்ததாகச் சொல்லி, மெலிட்டஸ் என்ற துறவிக்கு வேறு மாதிரி எழுதினார்: சிலைகளை மட்டும் அகற்றுங்கள், கட்டடம் இருக்கட்டும், புனித நீர் தெளித்துப் பலிபீடம் அமையுங்கள். காரணம், மக்கள் பழகிய இடத்துக்குத்தான் தயங்காமல் வருவார்கள். பீட் என்ற துறவி எழுதிய வரலாற்றில் இந்தக் கடிதம் அப்படியே இருக்கிறது.

ஆனால் ரட்ஸ்டனில் அதுதான் நடந்தது என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. கல்லுக்கும் தேவாலயத்துக்கும் நடுவே 3000 ஆண்டுகள். இடையில் அங்கே யார் கும்பிட்டார்கள் என்பதற்குச் சான்று இல்லை. வழிபாடு தொடர்ந்ததா, கல் மட்டும் நின்றதா? ஒன்று நிச்சயம்: கட்டியவர்கள் அதைப் பெயர்த்து எறியவில்லை.

ஒரு போப்பே யோசித்து மாற்றி எழுதியிருக்கிறார். நான் முப்பது வருடம் ஒரே வரியைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அம்மா, இதை நீ படித்தால்: உன் கேள்வி சரியான கேள்வி. உட்காரச் சொன்னது என் தவறு.