பால்கோவா, பேண்டேஜ் துணி, ஒரு வெள்ளை நாய்க்குட்டி... ஒரு குடும்பம் ராஜபாளையம் போய் வந்த கதை!

ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணி. மதுரை எல்லீஸ் நகரில் ஒரு வீட்டு வாசலில் கார் நிற்கிறது. உள்ளே ஏற வேண்டியவர்கள் ஐந்து பேர். அப்பா, ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். அம்மா, பள்ளி ஆசிரியை. மூத்தவள் மூன்றாம் வகுப்பு, சின்னவன் யு.கே.ஜி. அப்பத்தாவுக்கு வயது 72. ஆறாவதாக ஐந்து மாதமே ஆன ஒரு ராஜபாளையம் நாய்க்குட்டி. ஜன்னல் ஓரம் யாருக்கு என்று பிள்ளைகள் இருவரும் அடித்துக்கொண்டிருக்கும்போதே, ஜன்னல் ஓரத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது நாய்.

"ஏய்... இறங்கு!" என்றார் அம்மா. 45 பிள்ளைகள் இருக்கும் வகுப்பறையை ஒரே அதட்டலில் அடக்கும் குரல் அது. எதிர்வீட்டில் பால் வாங்க வந்தவரே திரும்பிப் பார்த்தார். நாய் பார்க்கவில்லை.

பார்க்காது. ஒரு வாரத்துக்கு முன்புதான் கால்நடை மருத்துவர் அதைச் சொல்லியிருந்தார். குட்டிக்கு இரண்டு காதும் கேட்காது.

நான்கு பெயர், ஒரு நாய்

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்தக் குட்டிக்குப் பெயர்ப் பஞ்சம் இல்லை. அப்பாவுக்கு அது சீசர். மூத்தவளுக்கு ஸ்னோ. சின்னவனுக்கு பாகுபலி. அப்பத்தாவோ, "நாயின்னா மணிதான். எங்க ஊர்ல எல்லா நாயும் மணிதான்" என்று முடித்துவிட்டார். தடுப்பூசி அட்டையில் பெயர் எழுதும் இடத்தில் மூன்று முறை அடித்துத் திருத்திய பிறகு, மருத்துவரே "குட்டி" என்று எழுதிக்கொண்டார்.

எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் வராது. "ராஜபாளையம் நாய்க்குத் திமிர் ஜாஸ்தி. அது நல்ல சாதி நாய்க்கு அடையாளம்" என்று பக்கத்து வீட்டுக்காரர் விளக்கம் கொடுத்தார். குக்கர் ஐந்து விசில் அடித்தாலும் அடுப்படி வாசலிலேயே மல்லாந்து தூங்கியது. தீபாவளியன்று தெருவே வெடித்துக்கொண்டிருந்தபோது சின்னவன் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டான். நாய் வாசலில் படுத்து வாலைச் சொறிந்துகொண்டிருந்தது. "பாத்தியாடா வீரத்தை!" என்று அப்பா அதை வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார்.

அந்த வீடியோவைப் பார்த்துத்தான் மருத்துவருக்குச் சந்தேகம் வந்தது. குட்டியின் முதுகுக்குப் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கிப் பார்த்தார். திரும்பவில்லை.

அன்று இரவே, குட்டியைக் கொடுத்த ராஜபாளையம் பெரியவருக்கு அப்பா போன் செய்தார். "கொண்டுட்டு வாங்க. வேற குட்டி எடுத்துக்கோங்க" என்றார் அவர். பிள்ளைகளிடம் சொன்னது, "பால்கோவா சாப்பிடப் போறோம்." அம்மாவுக்கும் அப்பத்தாவுக்கும் மட்டும்தான் விஷயம் தெரியும். அப்பத்தா ஒன்றும் சொல்லவில்லை. சரியாகக் கேட்டதா என்றும் தெரியவில்லை. அவருக்கு வலது காது சுத்தமாகக் கேட்காது. பத்தாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய காது மெஷின் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது.

ஆண்டாள் ஊரில் காணாமல் போன அரைக் கிலோ

மதுரையிலிருந்து ராஜபாளையம் சுமார் 85 கிலோமீட்டர். திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகப் போக வேண்டும். கல்லுப்பட்டி தாண்டியதும் அப்பா பாடம் எடுக்க ஆரம்பித்தார். ராஜபாளையத்துக்காரரான பி.எஸ்.குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தது, சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தது எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே வந்தார். காரில் காது கேட்கும் யாரும் கேட்கவில்லை. காது கேட்காத ஒரே ஜீவன் மட்டும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு வந்தது.

மேற்கே மலை தெரிய ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரிந்தது. 11 நிலை, 192 அடி. தமிழ்நாடு அரசு முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரம்தான் என்பது ஊர்க்காரர்களின் பெருமை. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பால்கோவாக் கடை. பாலும் சர்க்கரையும் மட்டும்தான். விறகடுப்பில் நின்று விடாமல் கிண்டுவதுதான் வித்தை. 2019-ல் இந்தப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

அரைக் கிலோ வாங்கிக் காரில் வைத்துவிட்டு மற்றவர்கள் ஆண்டாளைப் பார்க்கப் போனார்கள். நாயைக் காருக்குள் பூட்டிவிட்டுப் போகக் கூடாது என்பதால் அப்பா காவல். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பெரியவரிடம் போனில் வழி கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது பால்கோவாப் பொட்டலம் இல்லை. எல்லோரும் முதலில் பார்த்தது சின்னவனை. "நான் சாமி கும்புட்டேன்!" என்று அவன் அழத் தொடங்கியபோது, சீட்டுக்கு அடியிலிருந்து நாய் எழுந்து வந்தது. மூக்கில் பட்டர் பேப்பர் ஒட்டியிருந்தது.

வெள்ளை நிறம் கேட்கும் விலை

ராஜபாளையத்தைச் சுற்றி நூற்பாலைகள். பக்கத்தில் சத்திரப்பட்டி, பேண்டேஜ் துணி நெசவுக்குப் பெயர்போன ஊர். தளவாய்புரத்து நைட்டிகள் ஊர் ஊராகப் போகின்றன. ஆனால், ஊர்ப் பெயரைச் சொன்னதும் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வருவது வெள்ளை நாய்தான். பால் வெள்ளை முடி, இளஞ்சிவப்பு மூக்கு, நீண்ட கால். ஒரு காலத்தில் பன்றி வேட்டைக்குப் போன இனம். 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, அதில் ஒன்று ராஜபாளையம்.

அந்த வெள்ளைக்கு ஒரு விலையும் உண்டு. முடிக்கு நிறம் கொடுக்கும் அதே வகைச் செல்கள் உள்காதிலும் வேலை செய்கின்றன. அவை அங்கே இல்லாமல் போனால், ஒலியை வாங்கும் நுண்ணிய செல்கள் பிறந்த சில வாரங்களிலேயே செத்துப்போகும். முழு வெள்ளைக் குட்டிகள் வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில் இந்தக் குறையும் கூடவே வந்துவிட்டது. எல்லாக் குட்டிகளுக்கும் வராது. சிலதுக்கு ஒரு காது, சிலதுக்கு இரண்டும். ஒரு காது கேட்கும் குட்டியைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம்.

ஊருக்கு வெளியே ஒரு மாந்தோப்பு. சீசனில் சப்பட்டை மாம்பழம் தொங்கும் மரங்கள், இப்போது வெறும் இலையோடு நின்றன. பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். திண்ணைக்குப் பக்கத்தில் இரண்டு புதுக் குட்டிகள் விளையாடிக்கொண்டிருந்தன. அவர் ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துக் கரண்டியால் தட்டினார். இரண்டும் சோறு என்று நினைத்து ஓடி வந்தன. மதுரைக் குட்டி மட்டும் ஒரு கோழியைப் பார்த்தபடி நின்றது. அவர் காலால் தரையை ஓங்கி மிதித்தார். அதிர்வு தெரிந்ததும் சட்டென்று திரும்பியது.

"காதுதான் இல்ல. மத்தபடி சுறுசுறுப்பா இருக்கு" என்றார் பெரியவர். "இத விட்டுட்டுப் போங்க. அந்த ரெண்டுல எது புடிச்சிருக்கோ எடுத்துக்கோங்க. காசு வேணாம்."

அப்போதுதான் மூத்தவளுக்கு விஷயம் புரிந்தது. அவள் கத்தவில்லை. நாயின் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மா மாமரத்தைப் பார்த்தார்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். "இத நீங்க என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்றது? காவலுக்கு ஆகாது. விக்கவும் முடியாது. இங்கன கெடக்கும். சோறு போட்டா திங்கும்."

சின்னவனுக்கு இந்தப் பேச்சு எதுவும் புரியவில்லை. புதுக் குட்டிகளுக்கு அவன் வித்தை காட்டிக்கொண்டிருந்தான். "எங்க பாகுபலியப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, தன் நாயின் முன்னால் போய் நின்று உள்ளங்கையை உயர்த்தினான். நாய் உட்கார்ந்தது. கையைத் தரையை நோக்கி இறக்கினான். படுத்தது. தலைக்கு மேல் இரண்டு விரலைக் காதுபோல் வைத்துக் காட்டினான். எழுந்து ஓடி வந்து அவன் மேல் விழுந்தது.

பெரியவர்கள் நான்கு பேரும் வாயடைத்து நின்றார்கள். "எப்படா சொல்லிக்கொடுத்த?" என்று கேட்டார் அம்மா.

"கத்துனா அவனுக்குப் புடிக்காதும்மா. கையில சொன்னாத்தான் புடிக்கும்."

"ரெண்டு விரலு என்னது?"

"அது அவன் பேரு."

அப்பா அப்போதும் யோசித்தபடியே நின்றார். கடையில் வந்த சரக்கில் பழுது இருந்தால் திருப்பி அனுப்பிப் பழகியவர். திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பத்தா அந்த நேரத்தில்தான் வாயைத் திறந்தார்.

"எனக்குந்தான் ஒரு காது கேக்கல. என்னையும் இங்கனயே விட்டுட்டு, நல்ல காது உள்ளவளாப் பாத்துக் கூட்டிட்டுப் போறியா?"

பெரியவர் துண்டால் வாயை மூடிச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இந்தச் சங்கிலி இவனுக்குச் சின்னதாப் போச்சு. இங்க நல்லதா எங்க கிடைக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

நாயோடு கிளம்புகிறீர்களா?

கிளம்பும் முன் பெரியவர் சொல்லி அனுப்பியவை, காது கேட்காத நாய் வளர்க்கும் எல்லோருக்கும் உதவும். பின்னாலிருந்து வந்து திடீரென்று தொடக் கூடாது, பயத்தில் கடித்துவிடலாம். தூங்கும்போது மூக்கருகே கையை நீட்டினால் வாசனையில் விழித்துக்கொள்ளும். இருட்டில் கூப்பிட டார்ச்சோ, லைட்டோ போதும். வண்டி ஹாரன் கேட்காது என்பதால் தெருவில் சங்கிலி இல்லாமல் விடவே கூடாது. வீட்டில் எல்லோரும் ஒரே சைகையைக் காட்ட வேண்டும். ஆளுக்கொன்று காட்டினால் நாய் குழம்பிவிடும்.

பிள்ளைகள் அய்யனார் கோவில் அருவிக்குப் போகலாம் என்றார்கள். அது மலையடிவாரக் காடு. இந்த மலைப்பகுதி 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். காப்பகக் காட்டுக்குள் வீட்டு நாய்க்கு இடமில்லை. நாய் இல்லாமல் வரும் குடும்பங்கள் தாராளமாகப் போகலாம். மழைக்காலத்தில் வனத்துறையிடம் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

சென்னையிலிருந்து வருபவர்களுக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் ராஜபாளையத்தில் நிற்கும். ரயிலில் நாயைக் கூட்டி வருவதென்றால், ஏ.சி. முதல் வகுப்பில் இரண்டு அல்லது நான்கு படுக்கை கொண்ட அறையை முழுதாக எடுக்க வேண்டும். இல்லையென்றால் லக்கேஜ் வேனில் நாய்க்கான பெட்டி. குட்டிகளுக்கு அந்தப் பெட்டி வேண்டாம்.

கிருஷ்ணன்கோவிலில் ஒரு விபத்து

பஜாரில் அம்மாவுக்கு இரண்டு நைட்டி, நாய்க்குப் புதுச் சங்கிலி வாங்கினார்கள். "இந்த ஊரு ஸ்பெஷல்" என்று அப்பா ஒரு பெரிய பேண்டேஜ் துணிச் சுருளும் வாங்கினார். "இது எதுக்கு? யாருக்கு அடிபட்டிருக்கு?" என்று அம்மா கேட்டதற்குப் பதில் இல்லை.

பதில் கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் கிடைத்தது. காலையில் உள்ளே போன அரைக் கிலோ பால்கோவா, பின் சீட்டில் வெளியே வந்தது. கொஞ்சம் முன்னாலும், நிறையப் பின்னாலும். நாய்க்குப் பாலும் சர்க்கரையும் ஒத்துக்கொள்ளாது என்று தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்திலேயே அச்சடித்திருந்தது. யாரும் திருப்பிப் பார்த்ததில்லை.

புளியமரத்தடியில் காரை நிறுத்தி எல்லோரும் இறங்கினார்கள். பேண்டேஜ் துணி முழுவதும் தீர்ந்தது. மீதிக்கு ஒரு புது நைட்டியும் பலியானது. மதுரை வரை நான்கு ஜன்னலும் திறந்தே இருந்தன. ஜன்னல் ஓரத்தில் மறுபடியும் நாய்தான். யாரும் சண்டைக்குப் போகவில்லை.

இப்போது அந்த வீட்டில் தினமும் இரவு எட்டு மணிக்கு வாசல் லைட் இரண்டு முறை அணைந்து எரிகிறது. முதல் வாரம் எதிர்வீட்டுக்காரர் வோல்டேஜ் பிரச்னை என்று நினைத்து எலெக்ட்ரீஷியன் நம்பர் கொடுத்தார். லைட் அணைந்து எரிந்ததும் நாய் எங்கிருந்தாலும் ஓடி வந்து தட்டின் முன்னால் உட்காருகிறது. மாடியிலிருந்து அப்பத்தாவும் சாப்பிட இறங்கி வருகிறார். முன்பெல்லாம் அவரைச் சாப்பிடக் கூப்பிட, அம்மா நான்கு முறை கத்த வேண்டியிருந்தது.